பாலைத் திருடும் ரகனா: லாத்வியச் சூனியக்காரிகளும் காவல் முறைகளும் - அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால்டிக் கடலோரத்தில் இருக்கும் லாத்வியாவின் நாட்டார் மரபில் சூனியக்காரிக்கு ரகனா என்று பெயர். அவளைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும் வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. அங்கெல்லாம் சொல்ல நிறைய இருந்தது, அதனால்தான்.

ரகனா என்பவள் யார்? ஐரோப்பியக் கதைகளில் வரும் சூனியக்கிழவிதானா?

அந்தக் கிழவியும் உண்டு. லாத்வியத் தேவதைக் கதைகளில் வரும் ரகனா காட்டுக்குள் வாழ்வாள். மணப்பெண்ணை ஒளித்துவிட்டுத் தன் மகளை அந்த இடத்தில் உட்கார வைப்பாள், ஆட்களை விலங்காகவும் பறவையாகவும் மாற்றுவாள். கதை முடியும்போது தோற்றுப்போவாள்.

கிராமத்து நம்பிக்கைகளில் வரும் ரகனா வேறு மாதிரி. அவள் பக்கத்துப் பண்ணையில் இருப்பவள். காலையில் கிணற்றடியில் பார்க்கிறோம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பார்க்கிறோம். ஆனால் அவள் வீட்டு மாடு மட்டும் ஏன் இவ்வளவு கறக்கிறது, நம் மாடு ஏன் வற்றிப்போனது என்ற சந்தேகம் எழும்போது அந்தப் பெயர் மெல்ல வெளியே வரும். இந்தப் பக்கத்தில் பேசப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகனாவைப் பற்றித்தான். கதைப் புத்தக ரகனாவை விட இவளைத்தான் மக்கள் உண்மையாகவே பயந்தார்கள். வாசலில் செடி செருகியதும் இவளுக்காகத்தான்.

அந்தப் பெயருக்கு என்ன பொருள்?

இரண்டு விளக்கங்கள் உண்டு. லாத்விய மொழியில் 'ரக்ஸ்' என்றால் கொம்பு. கொம்புள்ளவள் ரகனா என்று ஊரார் சொல்லிக்கொள்வார்கள். மொழியியலாளர்கள் காட்டும் வேர் வேறு. லாத்வியத்தில் 'ரெட்ஸேத்' என்றால் பார்ப்பது, லித்துவேனிய மொழியில் அதன் உறவுச் சொல் 'ரெகேதி'. அந்த வேரிலிருந்து வந்தால் ரகனா என்பவள் பார்ப்பவள், மற்றவர் கண்ணுக்குத் தெரியாததைக் காண்பவள். லித்துவேனிய மொழியிலும் சூனியக்காரிக்கு ரகனா என்றே பெயர். எனக்கு இரண்டாவது விளக்கம்தான் சரியாகப் படுகிறது. ஏனென்றால் அந்த மரபில் ரகனாவின் ஆபத்து முழுக்க அவள் கண்ணில்தான் தொடங்குகிறது.

பொறாமைப்பட்டுப் பார்ப்பவருக்கு அங்கே 'ஸ்கௌகிஸ்' என்று தனிச் சொல்லே இருக்கிறது. கண்ணேறு போடுபவர் என்று நாம் சொல்வோமே, கிட்டத்தட்ட அதே பொருள். ரகனாவையும் ஸ்கௌகிஸையும் பிரித்துப் பார்ப்பது பல இடங்களில் கடினம்.

அப்படி அவள் என்னதான் செய்வாள்?

பாலைத் திருடுவாள். மற்ற எல்லாக் குற்றச்சாட்டையும் ஓரமாக வைத்துவிட்டு இதிலிருந்து தொடங்குவதுதான் சரி.

திருட்டு என்றால் இரவில் வந்து கறந்துகொண்டு போவது இல்லை. பாலின் பலனை, அதன் பெருக்கத்தை, தன் வீட்டுக்கு இழுத்துக்கொள்வது. துண்டையோ கயிற்றையோ சுவரில் தொங்கவிட்டு அதைக் காம்பு போல் பிடித்துக் கறப்பாள் என்றார்கள். பால் அவள் வாளியில் விழும், அடுத்த பண்ணையில் மாட்டின் மடி சுருங்கும். தேரையாக மாறித் தொழுவத்துக்குள் நுழைவாள் என்றும் சொன்னார்கள். மாக்பை என்னும் கருப்பு வெள்ளைப் பறவை உருவத்திலும் வருவாள்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. மாடுகளைக் காக்கும் மாரா என்ற தெய்வத் தாயும் அதே தொழுவத்தில் கரும்பாம்பாகவோ தேரையாகவோ கருவண்டாகவோ தோன்றுவாள் என்பது இன்னொரு நம்பிக்கை. ஆக, சாணத்துக்குப் பக்கத்தில் ஒரு தேரை உட்கார்ந்திருந்தால் அது வரமா திருட்டா என்று வீட்டுக்காரிக்கு உடனே தெரியாது. கையில் விறகுக் கட்டையோடு அவள் அந்த இடத்தில் தயங்கி நின்றிருப்பாள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

பாலுக்கு அடுத்தது பனித்துளி. கோடையின் நடுவில் வரும் யாஞி இரவில் ரகனா அடுத்தவர் புல்வெளியில் துணியை இழுத்துக்கொண்டே நடப்பாள். துணியில் ஊறிய பனியைப் பிழிந்து தன் மாட்டுக்குக் கொடுப்பாள். அந்த நிலத்தின் ஊட்டம் பனியோடு போய்விடும். மூன்றாவது தானியம். தலைமுடியை விரித்துப்போட்டு ரை வயலுக்குள் நடந்தாலே போதும், விளைச்சலின் சத்து அவள் களஞ்சியத்துக்குப் போய்ச் சேரும்.

ஆள் நோய்வாய்ப்படுவது, குழந்தை அழுதுகொண்டே இருப்பது, வெண்ணெய் திரளாமல் போவது, பீர் புளித்துப்போவது எல்லாம் அவள் கணக்கில் எழுதப்பட்டவைதான். ஆனால் அவை கிளைகள். அடிமரம் பால்.

ஏன் பால்மீது இவ்வளவு பயம்?

என் வாசிப்பு இது. லாத்வியக் குடியானவர்கள் பல நூறு ஆண்டுகள் ஜெர்மன் பேசும் நிலக்கிழார்களுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். பண்ணையடிமை முறை குர்ஸெமெ பகுதியில் 1817-லும், வித்ஸெமெயில் 1819-லும், கிழக்கே லத்காலெயில் 1861-லும்தான் ஒழிந்தது. உழைப்பும் தானியமும் கிழாருக்குப் போனபின் வீட்டில் மிஞ்சுவது கொஞ்சம். குளிர்காலமோ நீளம். வைக்கோல் தீர்ந்துபோகும் வசந்த காலத் தொடக்கத்தில் மாடு எலும்பும் தோலுமாக நிற்கும். அந்த நேரத்தில் மடி வற்றினால் குழந்தைகளுக்கு எதுவுமில்லை.

பால் வற்றுவதற்குத் தீவனக் குறைவோ மடிநோயோ காரணம் என்று அன்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் பக்கத்து வீட்டில் மட்டும் வெண்ணெய் திரள்வது கண்ணுக்குத் தெரிகிறது. நன்மை என்பது அளவாகத்தான் இருக்கிறது, ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறைந்தாக வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறக்கிறது. ரகனா அந்த எண்ணத்துக்கு வைத்த பெயர். அதனால்தான் லாத்வியக் காவல் முறைகள் எல்லாம் வேலியையும் வாயிற்கதவையும் தொழுவத்தையும் சுற்றியே இருக்கின்றன. சொத்து வெளியே போகாமல் அடைத்து வைப்பதே அவற்றின் வேலை.

ரகனா பறப்பாளா?

பறப்பாள். துடைப்பத்தில் பறப்பாள், ரொட்டி அடுப்பில் வைக்கும் நீண்ட கைப்பிடித் தட்டில் பறப்பாள். பறப்பவளுக்கு ஸ்பீகனா என்ற இன்னொரு பெயரும் உண்டு. ஒளிர்வது என்று பொருள் தரும் சொல்லோடு அதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள், ஏனென்றால் இரவு வானில் ஒளியாக நகர்வதுதான் அவள் அடையாளம்.

ஸ்பீகனா உடம்போடு பறப்பதில்லை. உடம்பைப் பிணம்போல் ஓரிடத்தில் கிடத்திவிட்டு ஆவி மட்டும் வெளியே போகும். அந்த நேரத்தில் யாராவது அந்த உடம்பைத் திருப்பிப் போட்டாலோ இடம் மாற்றினாலோ ஆவிக்குத் திரும்பி வர வழி தெரியாது. காலையில் அவள் எழமாட்டாள். இந்த நம்பிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவள்மேல் இரக்கம்தான் வரும். அசந்து தூங்கும் ஒரு பெண்ணை ஊரே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி அது.

அவள் எந்த நாட்களில் வருவாள்?

வருடத்தில் சில திருப்பங்கள் உண்டு. ஏப்ரல் 23 யுர்கி நாள், அதாவது புனித ஜார்ஜ் நாள். மாடுகளை முதன்முதலில் மேய்ச்சலுக்கு விடும் காலம் அதை ஒட்டி வரும். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனும் வெள்ளியும் ஆபத்தான நாட்கள். எல்லாவற்றுக்கும் மேலே யாஞி.

ஜூன் 23 மாலை லீகோ, 24 யாஞி. லாத்வியாவில் கிறிஸ்துமஸுக்கு நிகரான, பலருக்கு அதைவிடப் பெரிய, திருவிழா இது. ரீகாவில் அந்த நாளில் சூரியன் இரவு பத்தரை வாக்கில் மறைந்து காலை நாலரைக்கெல்லாம் உதித்துவிடும். நடுவே வருவதும் முழு இருட்டில்லை, ஒரு சாம்பல் வெளிச்சம். செடிகொடிகள் எல்லாம் உச்ச வலிமையில் இருக்கும் இரவு என்று நம்பினார்கள். மூலிகை பறிப்பவர்களுக்கு அது நல்ல இரவு. திருடுபவர்களுக்கும் அதுதான் நல்ல இரவு.

ஆகவே அன்று யாரும் தூங்கக்கூடாது. யாஞி இரவில் தூங்குபவர் கோடை முழுக்கத் தூங்கி வழிவார் என்று சொல்வார்கள். குன்றின்மேல் தீ மூட்டுவார்கள், தாரும் விறகும் நிரப்பிய பீப்பாயை உயரமான கம்பத்தில் ஏற்றியும் எரிப்பார்கள். அந்த வெளிச்சம் எட்டும் வயல் நன்றாக விளையும், கெட்டது அங்கே நெருங்காது. பெண்கள் தலையில் பூமாலை, ஆண்கள் தலையில் கருவாலி இலை மாலை, மாட்டின் கொம்பிலும் ஒரு மாலை. சீரகம் போன்ற கேரவே விதை போட்ட பாலாடைக்கட்டி, பீர், விடியும் வரை பாட்டு. 'லீகோ லீகோ' என்ற பல்லவியோடு வரும் அந்தப் பாட்டுகளில் விருந்தோம்பலும் கேலியும் இருக்கும், நடுவே ரகனாவுக்கு எச்சரிக்கையும் இருக்கும்.

மகிழ்ச்சி என்று நாம் இன்று பார்ப்பதில் பாதி அன்று காவல் வேலை. ஊரே விழித்திருந்து, விளக்கேற்றி, சத்தம் போட்டுத் தன் வயலைக் காத்த இரவு அது.

வீட்டையும் மாட்டையும் எப்படிக் காத்தார்கள்?

முதலிடம் ரோவன் மரத்துக்கு. லாத்வியத்தில் 'பீலாட்ஸிஸ்'. சிறிய மரம்தான், இலையுதிர் காலத்தில் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம் தொங்கும். அதன் கிளையை யாஞி மாலையில் வீட்டு நிலைக்கு மேலே, தொழுவ வாசலில், வாயிற்கதவில், வயலின் மூலைகளில் செருகுவார்கள். ரோவன் குச்சிகளைக் குறுக்கே கட்டிச் சிலுவையாக மாட்டுவதும் உண்டு. மாட்டை முதல் மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகும் கோலும் ரோவன் கோலாக இருந்தால் நல்லது. பேயை அடிக்கவும் அதே கோல்தான். பிசாசுக்கு ரோவன் என்றால் ஆகாது என்பது லாத்வியாவில் மட்டுமில்லை, வட ஐரோப்பா நெடுகவே பரவிய நம்பிக்கை.

அடுத்தது குத்துவதும் அரிப்பதும். முட்கள் நிறைந்த திசில் செடியையும், காஞ்சொறி போலத் தொட்டதும் அரிக்கும் நெட்டில் செடியையும் வாசலிலும் தொழுவத்திலும் கட்டிவைப்பார்கள். காரணம் நேரடியானது. உள்ளே வருபவளுக்குக் குத்த வேண்டும். ஆவிதானே, முள் என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. திருட வருபவள் ஒரு பெண், அவளுக்குக் கால் உண்டு, கை உண்டு, முள் தைத்தால் வலிக்கும் என்றே நினைத்தார்கள். ஜூனிப்பர் கிளையைக் கொளுத்தி அதன் புகையைத் தொழுவத்துக்குள் காட்டுவதும் இதே வரிசைதான். கண் எரியும் அளவுக்குக் காட்டமான புகை அது.

மூன்றாவது இரும்பு. மாடு முதன்முதலில் வெளியே வரும் நாளில் தொழுவ வாசற்படியில் கோடரியை வைத்து அதைத் தாண்டிப் போகவைப்பார்கள். அரிவாளையும் பல் வைத்த பரம்பையும் கதவருகே கூர்முனை வெளியே பார்க்கும்படி நிறுத்துவார்கள். இரும்புக்குப் பக்கத்தில் சிலர் ஒரு முட்டையையும் வைப்பார்கள். மாடு முட்டைபோல் உருண்டு திரண்டு இருக்கட்டும் என்பதற்காக. எனக்கு மிகவும் பிடித்த விவரம் இந்த முட்டைதான். பயத்துக்கு நடுவே ஒரு ஆசையையும் வாசற்படியில் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், கொடுக்கக்கூடாத நாட்கள். யாஞி போன்ற நாளில் யாராவது வந்து நெருப்போ பாலோ உப்போ கடன் கேட்டால் கொடுக்கமாட்டார்கள். பொருளோடு சேர்ந்து வீட்டின் செழிப்பும் வெளியே போய்விடும். கேட்க வந்தவள்மேல் சந்தேகமும் விழும்.

மந்திரச் சொற்கள் இருந்தனவா?

நிறையவே. 'புரம்வார்தி' என்று அவற்றுக்குப் பெயர். சொற்களால் ஒரு வேலி கட்டுவதுதான் பெரும்பாலானவற்றின் போக்கு. இரும்பு வேலி, எஃகு வாயில் என்ற படிமங்கள் திரும்பத் திரும்ப வரும். வீட்டில் நிஜமாக இருப்பது மரக்குச்சி வேலி, இரும்பு என்பதோ ஒரே ஒரு கோடரி. வாயால் கட்டும் வேலிக்கு மட்டும் இரும்பு எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும்.

உப்பின்மேலோ ரொட்டியின்மேலோ சொல்லை ஓதி மாட்டுக்குக் கொடுப்பதும் வழக்கம். ஃப்ரிட்ஸிஸ் ப்ரீவ்ஸெம்னியெக்ஸ் இத்தகைய மந்திரங்களைத் தொகுத்து 1881-இல் வெளியிட்டார். கார்லிஸ் ஸ்த்ரௌபெர்க்ஸ் 1939 முதல் 1941 வரை இரண்டு பெரிய தொகுதிகளாக ஆய்வோடு கொண்டுவந்தார்.

அப்படியானால் மந்திரம் சொல்பவர்கள் எல்லாரும் ரகனாக்களா?

இல்லவே இல்லை. இந்தக் குழப்பம் வெளியாட்களுக்கு மட்டும்தான் வரும். சொல்லால் குணமாக்குபவர் 'வார்தொத்தாய்ஸ்'. அவர் ஊருக்கு வேண்டியவர். பாம்புக்கடிக்கும் ரத்தப்போக்குக்கும் மாட்டு நோய்க்கும் அவரிடம்தான் போவார்கள். தீமைக்குச் சூனியம் வைக்கும் ஆணுக்குப் 'பூர்விஸ்' என்று பெயர், அவன் ரகனாவின் ஆண் இணை.

ஆனால் ஒரே ஆள் காலையில் வார்தொத்தாய்ஸாகவும் மாலையில் பூர்விஸாகவும் பார்க்கப்படலாம். மாடு பிழைத்தால் முதல் பெயர், செத்தால் இரண்டாவது. பாதிரியார்களுக்கோ இருவரும் ஒன்றுதான்.

சுவரிலும் கதவிலும் வரைந்த குறிகள் என்ன?

முக்கியமானது லியெதுவேன் சிலுவை. இரவில் நெஞ்சை அமுக்கும் லியெதுவேன்ஸ் என்ற ஆவியின் பெயரில் வருவது. ஐந்து முனை நட்சத்திரம்தான், ஆனால் கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் வரைய வேண்டும். அதைக் கதவிலும் தீவனத் தொட்டியிலும் செதுக்குவார்கள். உள்ளே நுழைய வருவது எதுவாக இருந்தாலும் அந்தக் கோட்டின் தொடக்கமும் முடிவும் பிடிபடாமல் நின்றுவிடும்.

இடிக்கடவுள் பேர்க்குவன்ஸின் குறியான இடிச் சிலுவை நமக்குப் பழகிய சுவஸ்திகம்தான். தீச் சிலுவை என்ற பெயரும் அதற்கு உண்டு. பேர்க்குவன்ஸ் பிசாசுகளைத் துரத்தித் துரத்தி இடியால் அடிப்பவர், ஆகவே அவர் குறி இருக்கும் இடத்தில் கெட்டது தங்காது. கையுறையிலும் இடைக்கச்சையிலும் அதைப் பின்னினார்கள். முதல் லாத்வியக் குடியரசின் விமானப்படை 1940 வரை சிவப்பு நிறத்தில் அதே குறியைத் தன் விமானங்களில் வரைந்திருந்தது. 1930-களில் ஒரு தீவிர வலதுசாரி இயக்கமும் இடிச் சிலுவை என்ற பெயரையே வைத்துக்கொண்டது. அதனால் இன்று அந்தக் குறியைக் காட்டும்போது லாத்வியர்கள் விளக்கத்தோடுதான் காட்டவேண்டியிருக்கிறது. பாட்டி பின்னிய கையுறைக்கும் அந்த இயக்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

லியெதுவேன்ஸ் என்பதும் ரகனாதானா?

இல்லை. லியெதுவேன்ஸ் இரவில் நெஞ்சின்மேல் ஏறி அமுக்கும். ஆளையும் அமுக்கும், குதிரையையும் அமுக்கும். காலையில் குதிரை வியர்த்துக் களைத்து, பிடரிமயிர் சிக்குண்டு நின்றால் இரவில் அது சவாரி செய்திருக்கிறது என்று பொருள். தூக்கிலிடப்பட்டோ நீரில் மூழ்கியோ கழுத்து நெரிக்கப்பட்டோ காலத்துக்கு முன் இறந்தவரின் ஆவிதான் அது, மீதமிருந்த ஆயுளை அப்படிக் கழிக்கிறது என்றார்கள்.

அமுக்கும்போது அசைய முடியாது, கத்த முடியாது. தப்பிக்க ஒரே வழி இடது கால் விரலை அசைப்பது. தூக்க முடக்கம் வந்தவர்களுக்கு இது எவ்வளவு சரியான அறிவுரை என்று தெரியும். ஒரு சிறு தசை அசைந்துவிட்டால் பிடி விட்டுவிடும்.

குதிரைக்கு வேறு காவல்: செத்த மாக்பை பறவையை லாயத்தில் தொங்கவிடுவது.

பூக்கிஸ் என்று ஒரு பறக்கும் பாம்பைப் பற்றிப் படித்தேனே?

அது திருட்டின் இன்னொரு கருவி. பூக்கிஸ் என்பது தீவாலோடு வானில் பறக்கும் ஒரு வகை நாகம். எசமானுக்காக ஊரார் களஞ்சியத்திலிருந்து தானியமும் பாலும் பணமும் கொண்டுவரும். வைத்திருப்பவர் அதற்கு உணவின் முதல் பங்கைப் படைக்க வேண்டும், தவறினால் வீட்டையே கொளுத்திவிடும். திடீரெனப் பணக்காரர் ஆனவர் வீட்டில்தான் அது இருப்பதாகச் சொல்வார்கள், அங்கேயும் அதே பொறாமைக் கணக்குதான்.

யார் ரகனா என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

நோயுற்ற மாட்டின் பாலை ஊசிகள் போட்டுக் கொதிக்கவைப்பது ஒரு வழி. திருடியவளுக்கு உடம்பெல்லாம் குத்தும், தாங்காமல் ஓடிவந்து எதையாவது கேட்பாள். முதலில் வாசலுக்கு வருபவள்தான் அவள்.

இதை அழகான பழங்கதையாகச் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. கொதிக்கும் பாலுக்கு முன்னால் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாராவது ஒருத்தி வரத்தான் செய்வாள். உப்பு தீர்ந்துபோன ஒரு விதவை, நெருப்பு அணைந்துபோன ஒரு கிழவி. இல்லாதவள்தான் கேட்க வருவாள். வாசலில் ரோவன் செருகியதால் யாருக்கும் தீங்கில்லை. ஆள் தேடத் தொடங்கியதும்தான் தீங்கு தொடங்கியது.

உண்மையில் விசாரணையும் தண்டனையும் நடந்தனவா?

நடந்தன. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இன்றைய லாத்வியப் பகுதிகளில் சூனிய வழக்குகள் நடந்தன, ஆட்களை எரித்தார்கள். கைகால் கட்டித் தண்ணீரில் போட்டு மிதக்கிறாரா என்று பார்க்கும் சோதனையும் இருந்தது. மிதந்தால் குற்றவாளி. வித்ஸெமெ அப்போது ஸ்வீடன் ஆட்சியில் இருந்தது. 1686-இல் ஸ்வீடன் அரசு இங்கே சித்திரவதையைத் தடைசெய்தபின் வாக்குமூலம் வாங்குவது கடினமானது.

நீதிமன்றத்தில் பேசியது ஜெர்மன், கூண்டில் நின்றவர் பேசியது லாத்வியம். நீதிபதிகள் பிசாசோடு ஒப்பந்தம் உண்டா என்று கேட்டார்கள். ஊராரின் கவலையோ பாலும் தானியமும். இந்த இரண்டு உலகமும் நேருக்கு நேர் மோதிய வழக்கு ஒன்று இருக்கிறது. தீஸ் என்ற கிழவருடையது.

தீஸ் யார்?

1691-இல் வித்ஸெமெயின் யூர்கென்ஸ்புர்க்கில் ஒரு தேவாலயத் திருட்டு வழக்கு. அதில் சாட்சி சொல்ல வந்தவர் கால்டென்ப்ரூன் ஊரைச் சேர்ந்த தீஸ், எண்பது வயதுக்காரர். அவர் சத்தியம் செய்தபோது இன்னொரு சாட்சி சிரித்துவிட்டார். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்க, இவர் ஓநாய் மனிதர் என்று ஊருக்கே தெரியுமே என்றார். நீதிபதிகள் கிழவரைப் பார்த்தார்கள். ஆமாம், முன்பு அப்படித்தான் இருந்தேன் என்று அவர் நிதானமாக ஒப்புக்கொண்டார்.

ஓநாய் மனிதர் என்றால் பிசாசின் ஆட்கள் என்பது நீதிபதிகளின் பாடம். தீஸ் சொன்னதோ நேர்மாறு. நாங்கள் கடவுளின் வேட்டை நாய்கள் என்றார். சூனியக்காரர்கள் ஊரின் தானியத்தையும் மாட்டின் செழிப்பையும் திருடி நரகத்துக்குக் கொண்டுபோகிறார்கள், வருடத்துக்கு மூன்று இரவுகள், புனித லூசியா இரவிலும் பெந்தெகொஸ்தே இரவிலும் யாஞி இரவிலும், நாங்கள் ஓநாயாக நரகத்துக்குள் நுழைந்து அதை மீட்டு வருகிறோம் என்றார். நரகம் எங்கே என்று கேட்டபோதும் தயங்கவில்லை. லெம்புர்க் ஊருக்கு அருகே சதுப்பு நிலத்தில் இருக்கிறது என்றார். இன்று அந்த ஊர் மால்பில்ஸ். அங்கே நடந்த ஒரு சண்டையில் ஸ்கெய்ஸ்தான் என்ற சூனியக்காரன், குதிரைவால் சுற்றிய துடைப்பக் கட்டையால் அடித்துத் தன் மூக்கை உடைத்தான் என்றும் சொன்னார். மூக்கு உடைந்துதான் இருந்தது.

பாதிரியாரை அழைத்துவந்து மனம் திருந்தச் சொன்னார்கள். திருந்த எதுவுமில்லை, ஊருக்கு நல்லது செய்தேன் என்றார் தீஸ். உப்பின்மேல் சொல் ஓதி மக்களையும் மாடுகளையும் குணமாக்கிவந்ததும் விசாரணையில் வெளிவந்தது. 1692-இல் கசையடியும் ஊர்நீக்கமும் தண்டனையாக விதித்தார்கள். பிற்காலத்தில் இத்தாலிய வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்புர்க் இந்த வழக்கை எடுத்துப் பேசியபின் உலகம் முழுக்க ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதுகிறார்கள்.

எனக்கு இந்த வழக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் ஓநாய் இல்லை. சூனியக்காரர் என்ன செய்கிறார்கள் என்று கேட்டபோது அந்தக் கிழவர் வாயிலிருந்து வந்தது தானியமும் மாடும்தான். வாசலில் ரோவன் செருகிய வீட்டுக்காரியும் அதையேதான் சொல்லியிருப்பாள். பிசாசு ஒப்பந்தம் என்பது நீதிபதிகள் கொண்டுவந்தது.

இவ்வளவு விவரம் எப்படிப் பாதுகாக்கப்பட்டது?

தொடக்கத்தில் எழுதியவர்கள் இதை ஒழிக்க நினைத்த பாதிரியார்கள். குர்ஸெமெயின் சபைத் தலைவர் பவுல் ஐன்ஹோர்ன் 1627, 1636, 1649 ஆண்டுகளில் எழுதிய நூல்களில் லாத்வியர்களின் 'மூடநம்பிக்கைகளை'ச் சாடுகிறார். சாடியதால் தப்பிப் பிழைத்த தகவல்கள் பல.

19-ஆம் நூற்றாண்டில் லாத்வியர்களே சேகரிக்கத் தொடங்கினார்கள். தைனா எனப்படும் நாலடி நாட்டுப்பாடல்களைக் க்ரிஷ்யானிஸ் பரோன்ஸ் தொகுத்தார். சிறு சிறு தாள்களில் எழுதி, அதற்கென்றே 1880-இல் செய்வித்த இழுப்பறை அலமாரியில் அடுக்கினார். 1894 முதல் 1915 வரை வெளிவந்த தொகுதிகளில் 2 லட்சத்து 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் இருக்கின்றன. அந்த அலமாரியை 2001-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நம்பிக்கைகளுக்குப் பேத்தெரிஸ் ஷ்மித்ஸ். சீன மொழி அறிஞரான அவர் கதைகளை 15 தொகுதிகளாகவும் நம்பிக்கைகளை நான்கு தொகுதிகளாகவும் தொகுத்தார். நம்பிக்கைத் தொகுதிகள் அவர் இறந்தபின் 1940, 41-இல் வந்தன. 1924-இல் தொடங்கிய நாட்டார் வழக்காற்று ஆவணக் காப்பகம் ரீகாவில் இன்றும் இயங்குகிறது.

ஷ்மித்ஸின் தொகுப்பில் ஒரு நம்பிக்கையும் அதற்கு எதிரான நம்பிக்கையும் அடுத்தடுத்து வரும். எதையும் அவர் சமன்செய்யவில்லை. தேரையைக் கொல்லாதே என்று ஒரு ஊர், துரத்து என்று இன்னொரு ஊர். இந்தப் பக்கத்தில் நான் சொன்னவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். லாத்வியா முழுக்க ஒரே வழக்கம் என்று எதுவும் இருந்ததில்லை.

இன்றும் யாராவது இதையெல்லாம் செய்கிறார்களா?

யாஞி இன்றும் தேசிய விடுமுறை. சோவியத் காலத்தில், 1960-களின் தொடக்கத்தில், அதைத் தடைசெய்து பார்த்தார்கள். மக்கள் வீட்டுக்குள் கொண்டாடினார்கள். இப்போது நகரத்தில் இருப்பவர்களும் அன்று கிராமத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். வாயிற்கதவிலும் கார் முகப்பிலும் பிர்ச், கருவாலிக் கிளைகள் கட்டியிருக்கும். ரோவனும் இருக்கும். ரகனாவுக்குப் பயந்தா என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் இல்லை என்பார்கள். யாஞி என்றால் கட்டுவோம், அவ்வளவுதான்.

ரகனா என்றே ஒரு ஊர் இருக்கிறதாமே?

இருக்கிறது. ரீகாவுக்கு வடகிழக்கே, க்ரிமுல்தா வட்டாரத்தில், நெடுஞ்சாலையோரத்துச் சிற்றூர். சிகுல்தாவுக்கு அருகில்தான். அந்த வழியாகப் போனால் சாலைப் பலகையில் 'ரகனா' என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம்.